பள்ளிக்கூடம் விட்ட சேதி திருப்பூருக்குப் போச்சு

போன வாரம் செண்பகம் போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சத்துணவுக் கூடத்தில் என் இடத்தில் சமைக்கிறவள். "சித்தி, நாளையோட அரையாண்டுப் பரீட்சை முடியுது. நாளைக்கு உலை வைக்கணுமா வேண்டாமான்னு இந்நேரம் வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. நீங்க இருக்கையில என்ன செய்வீக?" என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான்தான், "வாத்தியாரை நேர்ல போய்க் கேளு" என்று கத்திவிட்டேன். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி. அன்றைக்கு அம்புட்டுப் பாடு பட்டோமே, இன்னுமா இவர்களுக்கு உறைக்கவில்லை?

எங்கள் சத்துணவு ஊழியர் சங்கத்து மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு என்ன எழுத வரும், தப்பாக ஏதாவது எழுதி யாருக்காவது வேலைக்கு ஆபத்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று தட்டிக்கழித்தே வந்தேன். செண்பகம் போனை வைத்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். யார் பேரையும் ஊர்ப் பேரையும் சரியாகப் போடப் போவதில்லை. புதூர் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம், அதில் ரெண்டு வாத்தியார் உள்ள ஒரு தொடக்கப் பள்ளி. அது போதும்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஆரன் அடிக்கும். வயசுக்கு வராத பிள்ளைகளெல்லாம் தூக்கத்தோடு ஏறிப்போய்த் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்குவோம். அப்படியே கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். சத்துணவில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு சமையலர் ஆனேன். வேலை பழகின கதை ஒன்றும் பெரிசாக இல்லை. முதல் வருஷம் சோறு குழைந்தது, அடுத்த வருஷம் கை பழகிவிட்டது.

பழகாதது பயம்தான். சாம்பாரை மூடிவிட்டு வந்தால் பல்லி விழுந்திருக்குமோ என்று திரும்பப் போய்த் திறந்து பார்ப்பேன். ஒவ்வொரு முட்டையையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். வீட்டுக்குப் போனபிறகு சிலிண்டரை அடைத்தேனா என்று சந்தேகம் வந்துவிடும்; மறுபடி வந்து பார்த்தால் அடைத்துத்தான் இருக்கும். "பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தே லூசாக்கிட்டா. திருடனுக்குப் பாதி வேலை மிச்சம்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். என் பயம் நூற்றுக்குத் தொண்ணூறு வீண் பயம்தான், அது எனக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளைகள் வாயில் போகிற சோறு. பயப்படாமல் எப்படிப் பொங்குவது?

உதவியாள் இடம் காலியாகி வருஷக்கணக்காக ஆளே போடவில்லை. சத்துணவுக் கணக்குப் பார்க்கிற அமைப்பாளர் அம்மாவுக்கு மூன்று பள்ளிக்கூடம்; எங்கள் பக்கம் வாரத்துக்கு ஒருநாள் தலைகாட்டுவார். அரிசி புடைப்பது, காய் நறுக்குவது, அண்டா கழுவுவது எல்லாம் நான் ஒருத்தியே. பழைய சமையல் கட்டு மழையில் காரை பெயர்ந்து விழுந்ததால், வளாகத்தின் பின்கோடியில் புதுசாக ஒன்று கட்டினார்கள். கட்டியவர் என்ன நினைத்துக் கட்டினாரோ, வாசலைப் புஞ்சைப் பக்கம் பார்த்து வைத்துவிட்டார். அடுப்பு முன்னால் நின்றால் எனக்குத் தெரிவது மிளகாய்ச் செடியும் முள் உடைமரமும். பள்ளிக்கூடம் முதுகுக்குப் பின்னால்.

காலையில் எண்ணிக்கை வராமல் உலை வைக்கமாட்டேன். விஜயா டீச்சர் வருகைப் பதிவு எடுத்து முடித்ததும் சமையல் கட்டு ஜன்னலுக்கு வந்து, "இன்னைக்கு இத்தனை பேரும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். சின்ன வயசு டீச்சர். சிரித்த முகம். எங்கள் கணக்கெல்லாம் அந்த ஒரு வாய்ச்சொல்தான். பிறகு அரிசி களைவேன், பருப்பு ஏற்றுவேன்.

சமையல் முடிந்ததும் பெரிய சாரைக் கூப்பிட வேண்டும். தலைமையாசிரியரை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன்னே அவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. மற்ற பள்ளிகளில் பார்த்த மாதிரி கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை இவர். கோவில்பட்டியிலிருந்து தினமும் பைக்கில் வருவார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. வீட்டிலிருந்து துணியில் சுற்றித் தனிக் கரண்டி கொண்டுவருவார். சோற்றில் ஒரு கரண்டி, சாம்பாரில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நிற்பார். வயிற்றுக்கு ஏதாவது செய்கிறதா என்று பார்ப்பாராம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்று அவர் முகத்தையே பார்ப்பார்கள். பிறகு கண்ணைத் திறந்து, "வழங்கலாம்" என்பார். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அதே "வழங்கலாம்"தான். திட்டமாட்டார், பாராட்டமாட்டார், குரலும் உயர்த்தமாட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. விதிப்படி நடக்கிற மனுசன். ஆனால் விதியில் எழுதாத ஒன்று எதிரே வந்து நின்றால் அவருக்குக் கண் தெரியாது.

அவர் வந்த புதிதில் சாயங்காலம் மணி அடித்ததும் வராந்தாவில் நின்று மறுநாள் தகவல்களை வாசிப்பார். யாருக்குப் பயிற்சி, யார் விடுப்பு, எந்தப் படிவம் அனுப்ப வேண்டும் என்று. கேட்பவர் விஜயா டீச்சர் ஒருத்தர்தான். ஆனாலும் கூட்டத்தில் வாசிப்பது போலத்தான் வாசிப்பார். மார்கழி வந்து அரையாண்டு லீவு நெருங்க நெருங்கத் தகவல் கூடிக்கொண்டே போகும். வினாத்தாள் வருகிற நாள், மார்க் ஏற்றுகிற நாள், அடுத்த பருவத்துப் புத்தகம் எடுக்கப் போகிற நாள், தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாள். நான் துடைப்பத்தைச் சும்மா போட்டுக்கொண்டு ஓரமாக நின்று கேட்டுக்கொள்வேன். எனக்கு வேண்டியது அதில் எப்படியும் ஒன்று ரெண்டு இருக்கும். கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லைதான். காது கேட்பதை யார் தடுக்க முடியும்?

பிறகு போன் வந்தது. வாட்ஸ்அப் குரூப் வந்தது. வாசிப்பு நின்றுபோனது. பெரிய சார் எல்லாவற்றையும் குரூப்பில் போட ஆரம்பித்தார். ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்.

"சார், எம்மவன் பழைய போனைத் தந்திருக்கான். என்னையும் அந்தக் குரூப்புல சேத்துவிடுங்களேன்."

"அது ஆசிரியர் குரூப்மா. நீங்க வேற டிபார்ட்மெண்ட். சத்துணவு சமூக நலத்துறையில வருது. சேர்க்க முடியாது."

"அப்ப எனக்குச் சேதி?"

"உங்க அமைப்பாளர் மூலமா வரும்."

வாரத்துக்கு ஒருநாள் வருகிற அமைப்பாளர் மூலமாக! பிள்ளை படிப்பு ஒரு துறையாம், அதே பிள்ளை வயிறு இன்னொரு துறையாம். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். ஒரே காம்பவுண்டுக்குள் முப்பது அடி தள்ளி நிற்கிற எனக்குச் சேதி ஊரெல்லாம் சுற்றித்தான் வர வேண்டுமாம். அன்றைக்கே எனக்கு ஒரு கலக்கம். வீட்டில் சொன்னேன். "உனக்கு எதுலதான் கலக்கம் இல்ல?" என்றார் வீட்டுக்காரர்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். அரையாண்டுப் பரீட்சையின் கடைசி நாள். முந்தின வாரமெல்லாம் நல்ல மழை. ஊரைச் சுற்றிக் கரிசல் ஊறிப்போய்க் கிடந்தது. அன்று மழை விட்டிருந்தாலும் மூட்டம் போகவில்லை. விஜயா டீச்சர் வழக்கம்போல ஜன்னலுக்கு வந்து எண்ணிக்கை சொன்னார். நான் உலை வைத்தேன். சோறு வடித்து, முட்டை அவித்து, சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் சத்தம் ஓங்கிக் கேட்டது. பரீட்சை முடிந்த குதியாளம் என்றுதான் நினைத்தேன். எல்லா வருஷமும் கடைசி நாளில் அப்படித்தான் கத்துவார்கள்.

அப்போது போன் அடித்தது. பேசினது முருகன். எங்கள் தெருக்காரன்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தீபாவளி, பொங்கலுக்கு வருகிறவன். பெண்டாட்டி ராசாத்தியும் மகள் யாழினியும் ஊரில்; யாழினி எங்கள் பள்ளியில் ரெண்டாம் வகுப்பு.

"சித்தி, பாப்பா வீட்டுக்கு வந்துட்டாளா?"

"ஏன்டே, பள்ளிக்கூடம் நடந்துட்டு இருக்கு. இப்பத்தான் தாளிக்கேன். வந்து சாப்பிடுவா."

"இல்ல சித்தி. பள்ளிக்கூடம் விட்டாச்சாம். பிள்ளைகள வீட்டுக்கு அனுப்பியாச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு."

"யாருடே சொன்னது? நான் இங்கனதான நிக்கேன்!"

"பெரிய சாருதான் போட்டிருக்காரு. ராசாத்தி வேலைக்குப் போயிருப்பா. வீடு பூட்டியிருக்கும். கொஞ்சம் பாருங்க சித்தி."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வராந்தா காலி. வகுப்பறை பூட்டி இருக்கிறது. கேட்டுக்கு வெளியே பெரிய சார் தலையில் ஹெல்மெட்டோடு பைக்கில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஏற விஜயா டீச்சர் சேலையை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறார். பள்ளிக்கூடம் விட்டது எனக்குத் திருப்பூரிலிருந்து தெரிய வந்தது! இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

"சார், பிள்ளைக எங்க சார்?"

"அனுப்பியாச்சும்மா. பரீட்சை முடிஞ்சுது. மதியம் எங்களுக்கு அவசரக் கூட்டம்னு பரீட்சை நடக்கையில தகவல் வந்துது. பெற்றோருக்குச் சொல்லியாச்சு."

"சோறு ஆயிருச்சே சார்."

"யார் பொங்கச் சொன்னது?"

"டீச்சர்தான எண்ணிக்கை சொன்னாக."

பெரிய சார் மெதுவாகத் திரும்பினார். "டீச்சர், சத்துணவுக்குச் சொல்லலையா?"

"நீங்க குரூப்ல போட்டிருந்தீங்களே சார். அவங்களுக்கும் தெரியும்னு..."

"நான் குரூப்புல இல்ல டீச்சர்" என்றேன். அழுகையே வந்துவிட்டது. "சார், இப்ப களையெடுப்பு நேரம். ஊருல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. பிள்ளைக எங்கன போயிருக்கும்?"

"பெற்றோர் எல்லாருக்கும் தகவல் போயிருக்கும்மா. அவங்க பாத்துக்குவாங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டீச்சர், ஏறுங்க."

விஜயா டீச்சர் ஏறவில்லை. பைக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சார், நீங்க போங்க. நான் பிள்ளைகளப் பாத்துட்டு பஸ்ஸுல வாரேன்" என்றார்.  பைக் போய்விட்டது.

பெற்றோர் குரூப் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பா நம்பரைத்தான் கேட்பார்கள். ஆதாருக்கும் உதவித்தொகைக்கும் ரகசிய எண் வருவது அந்தப் போனுக்குத்தான். எங்கள் ஊர் அப்பாமார் பாதிப் பேர் வெளியூரில். திருப்பூரில் பனியன் கம்பெனி, சென்னையில் பலசரக்குக் கடை, கோயம்புத்தூரில் மிட்டாய்க் கடை என்று. ஊரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பது அம்மாமார். அவர்களில் பலருக்குப் போனே கிடையாது, இருந்தாலும் பட்டன் போன். விடிந்ததும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வரும். ஏறி நின்றுகொண்டு களையெடுக்கப் போய்விடுவார்கள். ஒருநாள் நாகலாபுரம் பக்கம், ஒருநாள் வேறெங்காவது. யார் புஞ்சை என்று வண்டி ஏறின பிறகுதான் தெரியும். ஆக, பிள்ளைகளை நடு மத்தியானத்துக்கு முன்னே தெருவில் விட்ட சேதி திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊருக்கு மட்டும் வரவில்லை.

நானும் டீச்சரும் தெருத் தெருவாகப் போனோம். வீட்டில் பெரியாட்கள் இருந்த பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மற்றதுகள் சிதறிக் கிடந்தன. நாலைந்து பேர் அம்மன் கோயில் வாசலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். ரெண்டு பேர் பஸ் நிறுத்தத்தில். ஒருத்தன் பூட்டின வீட்டு ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு உள்ளே இருந்த வாளியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, என்னல பண்ணுத?"

"பசிக்கி ஆயா. உள்ள பழைய சோறு இருக்கு. பானை எட்டல. வாளிய இழுத்து அதுக்குள்ள ஏதாச்சும் இருக்கான்னு பாக்கேன்."

"வாளிக்குள்ள என்னல இருக்கும்? வா, அண்டா நிறையச் சோறு இருக்கு."

எல்லாரையும் திரட்டிக் கேட்டுக்குள்ளே கொண்டுவந்து டீச்சரைக் காவலுக்கு உட்கார்த்தினேன். யாழினியை மட்டும் காணோம். ராசாத்தி வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. வாசல் படியில் பிள்ளையின் பை மட்டும் இருக்கிறது. திறந்து பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டைக் காணோம்.

தட்டைக் காணோம் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை பசியில் அம்மாவைத் தேடிப் போயிருக்கிறது. அம்மா தூக்குவாளியில் கொண்டுபோன சோற்றில் கொஞ்சம் வாங்கித் தின்னலாம் என்று போயிருக்கிறது. அதற்கு முந்தின நாள் ராசாத்தி களையெடுத்தது ஊருக்குத் தெற்கே. அந்தப் பாதையில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. மழைக்கு நிரம்பி விளிம்பு தெரியாமல் கிடந்தது.

வாழ்நாளெல்லாம் வீணாகப் பயந்தவள் நான். அன்றைக்குப் பயப்பட வேண்டிய நேரம் வந்தபோது பயப்படக்கூடத் தெம்பில்லை. அடுப்பை அணைத்தேனா, சிலிண்டரை அடைத்தேனா, எதுவும் நினைப்பில் வரவில்லை. டீச்சரும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்துவிட்டார். கரிசலில் ஓட முடியாது. ஒவ்வொரு எட்டுக்கும் மண் காலில் அப்பி, அண்டாவைக் கட்டி இழுப்பது போலக் கனக்கிறது. குட்டைக் கரையில் பார்த்தால் ஒரு சின்னச் செருப்பு மண்ணில் புதைந்து நிற்கிறது. ஒற்றைச் செருப்பு. ரோஸ் கலர். டீச்சர் "ஐயோ" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காற்றுக்கு அலை அடிக்கிறது. வேறொன்றும் இல்லை.

அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கருப்பசாமி அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏ மதினி! பிள்ளையவா தேடுதீக?"

"ஆமா அண்ணாச்சி! பாத்தீகளா?"

"அந்தா உடைமரத்துப் பக்கம் ஒண்ணு போச்சு. எங்க தாயீ போறேன்னு கேட்டேன். அம்மாகிட்டன்னு சொல்லிட்டுப் போயிருச்சு."

"பச்சப்பிள்ள தனியாப் போறதப் பாத்துட்டுச் சும்மாவா இருந்தீரு?"

"பள்ளிக்கூடத்துலேருந்து வருதுன்னு நினைச்சேன். வாத்தியாரு விடாமலா வரும்?" என்றார். அவரை என்ன சொல்ல? நியாயந்தானே.

உடைமரத்தடியில் இருந்தாள். முழங்கால் வரைக்கும் கரிசல் அப்பி, கால் எது மண் எது என்று தெரியவில்லை. தூறல் போட ஆரம்பித்திருந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஆயா, இந்தப் புஞ்சையிலதான அம்மா களை எடுத்தா? இங்க யாருமே இல்ல."

நேற்று இங்கே, இன்று வேறெங்கோ என்று ஏழு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மண்ணோடு சேர்த்து நல்ல கனம். டீச்சர் அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார்.

பிள்ளையைக் கழுவி, மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது டீச்சர் போன் சிணுங்கியது. பார்த்த டீச்சர் முகம் மாறிப்போனது. என்ன என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார். "அனைத்து மாணவர்களும் பாதுகாப்பாக வீடு சென்று சேர்ந்தனர்." பெரிய சார் கூட்டத்தில் இருந்தபடியே பெற்றோர் குரூப்பில் போட்டிருக்கிறார். யாரைக் கேட்டுப் போட்டார்? அந்த வீடு சேர்ந்த பிள்ளை என் மடியில் முட்டையை உரித்துக்கொண்டிருக்கிறது!

சாயங்காலம் குட்டியானை வந்து நின்றது. இறங்கின ராசாத்தியிடம் நான்தான் சொன்னேன். முதலில் ஓங்கிப் பிள்ளை முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அதைக் கட்டிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்கக் குனிந்து களையெடுத்த உடம்பு. எழுந்திருக்க ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ராத்திரி முருகன் குரூப்பில் ஏதேதோ எழுதிவிட்டான் என்று டீச்சர் சொன்னார். என்ன எழுதினான் என்று கேட்டேன். "வாசிக்க முடியாதும்மா" என்றார்.

அவன் எழுதினதால்தான் விசாரணை வந்தது. லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். வகுப்பறையில் பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள். மேடம், பெரிய சார், விஜயா டீச்சர். நான் நின்றேன். ராசாத்தி அன்று வேலைக்குப் போகவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பெரிய சார் போனை எடுத்து மேடத்திடம் நீட்டினார். "பாருங்க மேடம். பிள்ளைகள அனுப்புறதுக்கு முன்னாடியே தகவல் கொடுத்திருக்கேன். எல்லாரும் பாத்திருக்காங்க. ரெண்டு நீல டிக் இருக்கு."

மேடம் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். திரும்புவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"அன்னைக்கு மதியம் பள்ளி இல்லைன்னு தெரிஞ்சும் ஏம்மா சமைச்சீங்க? அந்த அரிசிக்கு யார் பொறுப்பு?"

"தெரியாது மேடம். எனக்கு..."

"சரி. பள்ளி விட்ட பிறகு யார் அனுமதியில பிள்ளைங்கள உள்ள கூட்டிட்டு வந்தீங்க? ஏதாவது ஆகியிருந்தா யார் பதில் சொல்றது?"

கேட்டீர்களா கேள்வியை! ஏதாவது ஆகியிருந்தால்! தெருவில் விட்டபோது ஏதாவது ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சோறு போட உள்ளே கூப்பிட்டபோதுதான் ஆபத்து தெரிந்திருக்கிறது. இதெல்லாம் இப்போது எழுத வருகிறது. அன்றைக்கு வரவில்லை. ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை. எதையாவது சொல்லி வேலையைப் போக்கிவிட்டால்? முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றேன். டீச்சர், "நானுந்தான் மேடம் கூட்டிட்டு வந்தேன்" என்று எழுந்தார். "உங்கள அப்புறம் கேக்குறேன், உக்காருங்க" என்றார் மேடம்.

அப்போதுதான் தரையிலிருந்து ராசாத்தி கேட்டாள். "சார், அந்தப் போன இப்படிக் காட்டுங்க."

பெரிய சார் தயங்கிக் கொண்டுபோய்க் காட்டினார். அவளுக்கு வாசிக்கத் தெரியும், எட்டாம் வகுப்பு வரைக்கும் போனவள்.

"இதுல ராசாத்தின்னு எங்க இருக்கு?"

"உங்க வீட்டுக்காரர் முருகன் இருக்காரும்மா. இதோ. அவரு பாத்திருக்காரு."

"அவரு பாத்தாரு. சரி. அவரு திருப்பூருல மிஷின் முன்னால நிக்காரு. என் வீட்டுப் பூட்டுச் சாவி என் இடுப்புல இருக்கு. நான் நாகலாபுரம் தாண்டிக் கெடக்கேன். திருப்பூருல இருந்துட்டு அவரு எப்படி சார் கதவைத் திறப்பாரு?"

மேடம் பேனாவைத் திறந்தார். "உங்க நம்பரைக் குடுங்கம்மா. உங்களையும் குரூப்புல சேத்துடச் சொல்றேன்" என்றார்.

"எங்கிட்ட ஏது மேடம் போனு? இருந்தாலும் களைவெட்டி பிடிச்ச கையோட யாரு எடுத்துப் பாக்க? நான் வர்றவரைக்கும் பிள்ளையப் பள்ளிக்கூடத்துலயே வச்சிருங்க. சோத்தப் போட்டு வைங்க. அம்புட்டுத்தான் கேக்கேன்."

மேடம் ஏதோ குறித்துக்கொண்டு போனார். எனக்கு ஓலை வரும், நிறுத்திவிடுவார்கள் என்று தினமும் எதிர்பார்த்தேன். ஓலை வரவில்லை. பத்து நாள் கழித்து முருகன் போன் பண்ணினான். சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை. "சித்தி, குரூப்புல ஒரு அறிவிப்புப் போட்டிருக்காவ. பெற்றோர் எல்லாரும் ஊருல இருக்கிறவங்க நம்பரைப் பள்ளிக்கு வந்து குடுக்கணுமாம். அத எங்களுக்கு அனுப்பியிருக்காவ. நான் இங்கேருந்து லீவு போட்டு வரணுமா?"

விசாரித்து, யோசித்து, இவர்கள் கண்டுபிடித்த தீர்வு இது. தெருவில் இறங்கி நாலு வீட்டில் நாலு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். ஊர் சின்ன ஊர், ஒரு முக்கால் மணி நேரம் நடந்தால் போதும்.

அதைப் பெண்களே செய்துகொண்டார்கள். மறுநாள் காலையில் குட்டியானை பள்ளிக்கூடத்து கேட்டுக்கு முன்னால் நின்றது. ராசாத்தி மேலேயிருந்து குனிந்து, "சித்தி, இன்னைக்கு வடக்கே போறோம். வர ஆறு ஆகும்" என்றாள். பின்னால் நின்ற இன்னொருத்தி, "எம்பய பூட்டுச் சாவியத் தொலைச்சிருவான், நீங்க வச்சிருங்க" என்று சாவியைக் கேட்டுக்கு மேலே தூக்கிப் போட்டாள். அதிலிருந்து தினமும் அப்படித்தான். எந்தப் பிள்ளை அம்மா எந்தத் திசையில் என்று என் மண்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்கு இது பெருமையாக இருந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே பயந்து சாகிறவள். இதுவும் சேர்ந்து ராத்திரித் தூக்கம் போனது. சமைக்கிறவள் தலையில் ஏன் இது ஏற வேண்டும்? அத்தனை போன் வைத்திருக்கிறார்களே, ஒருத்தர் வெளியே வந்து நின்று கேட்டால் என்ன?

ஒருநாள் காலை வண்டி வந்தபோது பெரிய சார் பைக்கை நிறுத்தி கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் முட்டைத் தட்டோடு நிற்கிறேன். வண்டி நிற்கவில்லை, மெதுவாகப் போனது. ராசாத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "சித்தி, இன்னைக்கு பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம்! மழை வந்தா பிள்ளைய விட்டுராதீக!"

பெரிய சார் என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றாங்க?"

"எனக்குச் சொல்லல சார். உங்களுக்குச் சொல்லுதா."

கேட்டை அப்படியே விட்டார். பிறகு ரோட்டுக்கு இறங்கி வண்டியைப் பார்த்து, "எந்தப் பக்கம்மா? எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கத்தினார். வண்டி வளைவில் திரும்பிவிட்டது. புகைதான் நின்றது.

என்னிடம் திரும்பிக் கேட்டார். "எந்தப் பக்கம்னு சொன்னாங்கம்மா?"

நான் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நாளைக்கும் இந்நேரத்துக்குத்தான் சார் வண்டி வரும். வெளிய வந்து நில்லுங்க" என்றேன். முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டேன்.